வீட்டுத் தோட்டத்துப் பூக்களில் மாறுபட்ட நிறங்களைச் சேர்த்துக் கதம்பம் கட்டும் முறை

பூக்கடையில் கதம்பம் வாங்கியே பழகியவர்கள், தம் வீட்டுக் கொல்லையில் பூத்த பூக்களைக் கொண்டு முதன்முதலாக ஒரு சரம் கட்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். பறித்து முறத்தில் கொட்டியபோது அவ்வளவு அழகாக இருந்த பூக்கள், கட்டி முடித்த பிறகு எந்த நிறமும் எடுப்பாகத் தெரியாமல் ஒரே கலவையாகக் கிடக்கும். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் கட்டினேன். காக்கடா, கனகாம்பரம், டிசம்பர் பூ, மஞ்சள் செவ்வந்தி, சிவப்பு இட்லிப்பூ என்று ஒரு மார்கழிக் காலையில் பூத்திருந்த அத்தனையையும் ஒரே சரத்தில் அடைத்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்தபடி அதைக் கையில் வாங்கிப் பார்த்த என் அப்பாயி, “இத்தன நெறம் எதுக்கும்மா? ரெண்டு போதும், நடுவுல கொஞ்சம் பச்சை வையி” என்றார். பல ஆண்டுகள் கட்டிப் பார்த்த பிறகும் அதைவிடச் சரியான ஒரு விதியை நான் கண்டதில்லை. ஆகவே இங்கே சொல்லப்போவதெல்லாம் அந்த விதியை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதுதான்.

கதம்பம் என்ற சொல்லுக்குக் கலவை என்று பொருள் இருப்பதால், எத்தனை பூ சேர்ந்தாலும் அது கதம்பம்தானே என்று தோன்றும். ஆனால் தேர்ந்த கைகள் கட்டிய சரத்தை உற்றுப் பார்த்தால், அதில் ஒரு நிறம் பெரும்பங்கு எடுத்துக்கொண்டிருப்பதும், அதற்கு நேர்மாறான இன்னொரு நிறம் சிறு பங்காக இடையிடையே வருவதும், இரண்டும் முட்டிக்கொள்ளாதபடி மரிக்கொழுந்தோ மருவோ நடுவில் நிற்பதும் புலப்படும். நாகர்கோவிலை அடுத்த தோவாளையில் கட்டப்படும் மாணிக்கமாலையிலும் வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சியிலை ஆகிய மூன்றுதான் அடிப்படை. அவ்வளவு நுட்பமான மாலைக்கே இரண்டு நிறமும் ஒரு பச்சையும் போதுமானதாக இருக்கிறது.

முதலில் கண்ணைப் பழக்க வேண்டும்

செடி வாங்குவதற்கு முன்பே ஒரு சிறு சோதனையைக் கற்றுக்கொள்வது நல்லது. இரண்டு பூக்களை அருகருகே வைத்து, நான்கடி தள்ளி நின்று, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால் அவை ஒரே சரத்தில் நிற்கும். ஒன்றோடொன்று கரைந்துபோனால் நிற்காது. கனகாம்பரமும் ஆரஞ்சு நிறக் கேந்தியும் (துலுக்கச் சாமந்தி) அப்படிக் கரைந்துபோகும் ஜோடி. வெளிர்மஞ்சள் செவ்வந்தியும் மல்லிகையும் கையில் வைத்திருக்கும்போது வெவ்வேறாகத் தெரிந்தாலும், நான்கடி தொலைவில் ஒன்றாகிவிடும்.

இந்தச் சோதனை ஏன் தேவைப்படுகிறது என்றால், நிறங்கள் இரண்டு விதமாக மாறுபடுகின்றன. ஊதாவும் மஞ்சளும் போல, நிறமே எதிரெதிராக இருப்பது ஒரு விதம். வெள்ளையும் கரும்பச்சையும் போல, ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று இருண்டும் இருப்பது இன்னொரு விதம். அருகில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு முதல் வகை மாறுபாடே போதும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும், மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பவருக்கும் இரண்டாவது வகையும் இருந்தாக வேண்டும். ஊதாவும் மஞ்சளும் இரண்டு விதத்திலும் மாறுபடுவதால்தான், டிசம்பர் பூவும் செவ்வந்தியும் சேர்ந்த சரம் தெருமுனையிலிருந்தே கண்ணில் படுகிறது. சிவப்பு இட்லிப்பூவையும் கரும்பச்சை இலையையும் நேரடியாகச் சேர்த்தால் பகலில் பளிச்சென்று இருக்கும். மாலை மங்கியதும் இரண்டும் ஒரே இருட்டாகிவிடும். ஐயம் வந்தால் கைப்பேசியில் பூக்களைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், இடையில் வெள்ளைப் பூ ஒன்று தேவை என்று பொருள்.

எந்தச் செடிகளை, எத்தனை வைப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறு, வகைக்கு ஒரு செடி என்று பத்து வகை வாங்கி வைப்பது. ஒரு கனகாம்பரச் செடியில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் சில பூக்கள் ஒரு சரத்துக்குக் காணவே காணாது. வகையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி.

கணக்கு இதுதான். ஒரு முழம் என்பது ஏறக்குறைய 18 அங்குலம், ஒரு சாண் அதில் பாதி. அங்குலத்துக்கு இரண்டு கட்டு, கட்டுக்கு நான்கு பூ என்று வைத்தால், ஒரு முழத்துக்கு 144 பூவும் ஒரு சாணுக்கு 72 பூவும் வேண்டும். ஆகவே முதல் ஆண்டில் ஒரு சாண் சரத்தையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கொண்டைக்கும், சுவாமி படத்துக்கும் அது போதும்.

வெள்ளைக்குக் குண்டுமல்லி இரண்டு அல்லது மூன்று செடிகள், ஆரஞ்சுக்குக் கனகாம்பரம் பத்துச் செடிகள், ஊதாவுக்கு டிசம்பர் பூ மூன்று புதர்கள், மஞ்சளுக்குச் சிறுபூச் செவ்வந்தி ஐந்தாறு தொட்டிகள், பச்சைக்கு மரு ஒரு தொட்டியும் மரிக்கொழுந்து ஒரு பாத்தியும் இருந்தால் போதும். இவற்றோடு, எந்தக் காலத்திலும் கைகொடுக்கும் நந்தியாவட்டை ஒன்றை வேலியோரம் நட்டுவிடுங்கள். மணம் பெரிதாக இல்லாவிட்டாலும், மல்லிகை ஓய்ந்த மாதங்களில் சரத்துக்கு வெள்ளை தருவது அதுதான். அடர்ந்த ஆரஞ்சு நிறத்துக்காகப் பலரும் விரும்பும் டெல்லி கனகாம்பரம் விதை பிடிப்பதில்லை. தண்டு வெட்டி வேர்விட வைத்தே பெருக்க வேண்டும். டிசம்பர் பூவில் வெள்ளைக் கோடு விழுந்த வகையும் உண்டு. செடியில் பார்க்க மிக அழகானது. ஆனால் சரத்தில் அந்தக் கோடுகள் ஊதாவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும் என்பதால், மாறுபாட்டுக்காகக் கட்டும்போது நான் முழு ஊதாவையே எடுக்கிறேன்.

அரளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்பும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கும் செடிதான். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நச்சு. குழந்தைகளோ ஆடுமாடோ புழங்கும் இடத்தில் அதை வைக்க வேண்டாம். சுவாமி மாலைக்குக் கட்டினால் கையை நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

ஒரே வேளையில் பூக்கச் செய்வது

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடினமானது இந்தப் பகுதி. மாறுபட்ட இரண்டு நிறங்களும் ஒரே மாதத்தில் பூத்தால்தான் சேர்க்க முடியும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் செடி வாங்கும் நாளில் நாம் அதை நினைப்பதில்லை. குண்டுமல்லியும் டிசம்பர் பூவும் ஒன்றாக வரும் என்று நம்பி ஓராண்டு முழுவதும் காத்திருந்தேன். குண்டுமல்லி கோடையின் பூ, மற்றது பெயரிலேயே மாதத்தைச் சொல்லும் பூ.

எனவே ஆண்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பங்குனி தொடங்கி ஆடி வரையில் வெள்ளையும் ஆரஞ்சும்: குண்டுமல்லி, கனகாம்பரம். ஐப்பசியிலிருந்து தை வரையில் ஊதாவும் மஞ்சளும்: டிசம்பர் பூ, செவ்வந்தி. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்து, எருவிட்டு, தண்ணீர் கட்டினால் மார்ச் மாதத்தில் அரும்பு பிடிக்கத் தொடங்கும். வெட்ட மனமில்லாமல் விட்டுவிட்டால் கொடி நீளுமே தவிர அரும்பு குறையும்.

செவ்வந்திக்கு நீண்ட இரவு தேவை. பகல் குறுகி இரவு நீளும் காலத்தில்தான் அது மொட்டு வைக்கும். வாசல் விளக்கு இரவு முழுவதும் எரியும் இடத்தில் தொட்டியை வைத்தால், செடி தழைத்துக்கொண்டே இருக்குமே ஒழியப் பூக்கத் தாமதிக்கும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் உரமிடுபவர்கள், ஒருமுறை தொட்டியை இருட்டான பக்கத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். கனகாம்பரம் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும் என்றாலும், கனமழை நாட்களில் அதன் மெல்லிய இதழ்கள் நைந்துவிடும். ஆகையால் மழைக்காலச் சரத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

பறிப்பது

மல்லிகையை விடியற்காலையில், நன்றாகப் பருத்து வெளுத்த, ஆனால் இன்னும் விரியாத மொட்டாகப் பறிக்க வேண்டும். பச்சை மாறாத மொட்டு விரியாமலே வாடிவிடும். விரிந்துவிட்ட பூவோ கட்டும்போதே இதழ் உதிர்க்கும். கனகாம்பரத்தை அப்படி மொட்டாகப் பறிக்க முடியாது. அதன் கதிரில் பூக்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொரு சுற்றாக மலரும். விரிந்த பூவின் மெல்லிய குழலை இரு விரல்களால் பிடித்து மேல்நோக்கி மெதுவாக இழுத்தால் தானாகக் கழன்று வரும். அவசரத்தில் கதிரோடு கிள்ளிவிட்டால், மேலே காத்திருக்கும் அடுத்த வாரத்துப் பூக்கள் அத்தனையும் போய்விடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாலே போதும், அதுவரை செடியில் வாடாமல் நிற்கும். டிசம்பர் பூ அப்படியில்லை. காலையில் பறித்து அன்றைக்கே கட்டிவிட வேண்டும். நந்தியாவட்டையின் காம்பில் பால் கசியும் என்பதால், பறித்தவுடன் பழைய துணியில் ஒற்றி எடுத்துவிட்டு மற்றப் பூக்களோடு சேர்க்க வேண்டும்.

பறித்த பூக்களை நிறவாரியாகத் தனித்தனி வாழையிலைத் துண்டுகளில் வைத்து, ஈரத்துணியைப் பிழிந்து மேலே போர்த்துங்கள். நேராகத் தண்ணீர் தெளிக்க வேண்டாம். டிசம்பர் பூவும் கனகாம்பரமும் நனைந்தால் இதழோடு இதழ் ஒட்டிக்கொண்டு நிறம் மங்கிவிடும்.

கட்டுவதற்கு முன் பரப்பிப் பார்ப்பது

நாரை எடுப்பதற்கு முன், பூக்களைத் தரையில் ஒரு சாண் நீளத்துக்கு வரிசையாக அடுக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கட்டியதைப் பிரிப்பது பூவைக் கெடுக்கும். பரப்பியதை மாற்றுவதில் எந்த இழப்பும் இல்லை. கோடைச் சரத்துக்கு நான் புதியவர்களுக்குச் சொல்லும் வரிசை இது: வெள்ளை நான்கு கட்டு, பச்சை ஒரு கட்டு, ஆரஞ்சு இரண்டு கட்டு, மீண்டும் பச்சை ஒரு கட்டு. இந்த எட்டுக் கட்டும் நான்கு அங்குலம் வரும். இதை இருமுறை கட்டி, முடிவில் வெள்ளை இரண்டு கட்டுச் சேர்த்தால் ஒரு சாண் நிறைந்துவிடும். வெள்ளை பத்துக் கட்டு, ஆரஞ்சு நான்கு கட்டு, பச்சை நான்கு கட்டு. அதாவது மல்லிகை 40 மொட்டு. கனகாம்பரத்தின் இதழ் மெல்லியது என்பதால் அதை மட்டும் பக்கத்துக்கு மூன்றாக வைக்க வேண்டியிருக்கும். ஆகவே 24 பூ.

இரண்டு நிறத்தையும் சரிபாதியாக வைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் கண் எதிலும் நிலைக்காது. சிறு பங்காக வரும் நிறம்தான் எடுப்பாகத் தெரியும் என்பது என் அனுபவம். வெண்மைக்கு நடுவில் விரற்கடை அளவே வரும் கனகாம்பரம், தனியாகக் கட்டிய ஒரு முழக் கனகாம்பரத்தைவிடச் செக்கச்செவேல் என்று தெரிவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பங்கை எண்ணிக்கையால் அளக்காமல் இடத்தால் அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள். மார்கழிச் சரத்தில் ஒரு செவ்வந்திப் பூவே ஓர் அங்குலத்தை அடைத்துக்கொள்ளும். டிசம்பர் பூவோ மூன்று நான்கு சேர்ந்தால்தான் ஒரு பட்டையாகத் தெரியும். ஊதா பெரும்பங்காகவும் மஞ்சள் சிறு பங்காகவும் வர வேண்டுமானால், டிசம்பர் பூவில் நான்கு கட்டுக்கு ஒரு செவ்வந்திக் கட்டு என்ற அளவைத் தாண்ட வேண்டாம்.

கட்டும் முறை

காய்ந்த வாழைநாரை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் மெல்லிய இழைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். நார் கிடைக்காதவர்கள் தடித்த பருத்தி நூலை நனைத்துப் பயன்படுத்தலாம். நைலான் நூல் மட்டும் வேண்டாம். இறுக்கும்போது மல்லிகையின் இளங்காம்பை அறுத்துவிடும்.

நாரின் ஒரு முனையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பூக்களைத் தலை மேல்நோக்கியும், இரண்டு பூக்களைத் தலை கீழ்நோக்கியும் வைத்து, நான்கு காம்புகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். வலக்கையால் நாரைக் காம்புகளின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆட்காட்டி விரலில் ஒரு வளையம் முறுக்கி, அதைக் காம்புகளின் மேல் மாட்டி இழுத்தால் முடிச்சு விழும். அடுத்த கட்டை அதன் பக்கத்தில் ஒட்ட வையுங்கள். முதல் சில நாட்களுக்கு முடிச்சு நழுவும், அல்லது காம்பு அறுபடும். விரலுக்கு அழுத்தம் பிடிபட ஒரு வாரம் ஆகும். அதுவரை உதிரியாக விழுந்த மொட்டுகளில் பழகுவது நல்லது.

மேல்பக்கம் முழுவதும் வெள்ளை, கீழ்ப்பக்கம் முழுவதும் ஆரஞ்சு என்று கட்டினால் அழகாக இருக்குமே என்று பலருக்கும் தோன்றும். தட்டில் வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சரத்தைத் தொங்கவிட்டவுடன் நார் முறுக்கிக்கொண்டு, பூக்கள் நாலாபக்கமும் திரும்பி, இரண்டு நிறமும் கலந்துவிடும். பட்டை பட்டையாகக் கட்டிய சரம் எப்படி முறுக்கினாலும் பட்டையாகவே இருக்கும். ஆகவே கை தேறும் வரை பட்டைதான்.

பச்சைக் கட்டில் மருவைக் கொத்தாக வைக்காதீர்கள். பக்கத்துக்கு ஒரு சிறு கொழுந்து போதும். அதுவும் பூவின் தலையைவிட நீண்டிருக்கக் கூடாது. இலை துருத்திக்கொண்டு நின்றால் நிறங்களுக்கு இடையில் எல்லைக்கோடாக இருக்க வேண்டிய பச்சை, நிறங்களையே மறைத்துவிடும். மரிக்கொழுந்தின் சாம்பல் கலந்த பச்சை வெள்ளைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் மென்மையாக நிற்கும். ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் மருவின் பச்சையே நன்றாக இருக்கிறது.

மணத்தையும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். கனகாம்பரத்துக்கும் டிசம்பர் பூவுக்கும் மணம் கிடையாது. அதனால் அவை எந்தப் பூவோடும் சேரும். கேந்தியின் காரமான வாடை மல்லிகையின் மணத்தை அமுக்கிவிடும். ஆகையால் நிறம் எவ்வளவு பொருந்தினாலும் தலைக்கு வைக்கும் சரத்தில் இரண்டையும் சேர்க்காமல், கேந்தியை வாசல் தோரணத்துக்கு ஒதுக்கிவிடுவதே முறை.

பின்னணியைப் பார்த்துக் கட்டுவது

சரம் எங்கே போகப்போகிறது என்பதும் நிறத் தேர்வில் பாதி. கருங்கூந்தலில் வெள்ளையும் ஆரஞ்சும் மஞ்சளும் துலங்கும். ஊதா உள்ளே அமுங்கிவிடும். மார்கழிச் சரத்தைத் தலையில் வைக்க விரும்பினால், ஊதாவின் இரு ஓரத்திலும் நந்தியாவட்டை மொட்டை வைத்துக் கட்டுங்கள். அந்த வெண்மை ஊதாவைக் கூந்தலிலிருந்து பிரித்துக் காட்டும். குத்துவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்திலும் ஊதா கறுத்துத் தெரியும் என்பதால், இரவுப் பூசைக்கு வெள்ளையையும் ஆரஞ்சையும் முன்னிறுத்துவது நல்லது.

சரம் கட்டக் கை வராத நாட்களில் உருளியில் தண்ணீர் விட்டுப் பூவை மிதக்கவிடலாம். பித்தளை உருளியே மஞ்சள் நிறமுடையது. அதில் மஞ்சள் கேந்தியை ஓரத்தில் அடுக்கினால் பாத்திரத்தோடு கலந்துவிடும். ஓரத்தில் அடர்சிவப்போ வாடாமல்லியின் நிறமோ வந்து, நடுவில் மஞ்சள் வந்தால் இரண்டும் தெரியும். சங்குப்பூவின் நீலத்தையும் இங்கே பயன்படுத்தலாம். சரத்தில் கட்டினால் சில மணி நேரத்தில் சுருண்டுவிடும் அந்தப் பூ, தண்ணீரின் மேல் வெள்ளை நந்தியாவட்டைக்கு நடுவில் மாலைவரை முகம் காட்டும்.

கட்டிய பின்

காலையில் கட்டிய சரத்தை மாலைவரை வைத்திருக்க, வாழையிலையில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஐந்து மணிக்கு வெளியே எடுத்தால் ஆறரைக்குள் மல்லிகை மொட்டு விரியத் தொடங்கும். மொட்டாக இருந்தபோது மெல்லியதாகத் தெரிந்த வெள்ளைப் பட்டைகள் அப்போது அகன்று, கனகாம்பரத்தை இருபுறமும் நெருக்கும் என்பதால், கட்டும்போதே ஆரஞ்சுப் பட்டைக்கு இரு பக்கமும் உள்ள பச்சையைத் தவறாமல் வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மல்லிகை பழுத்துப் போயிருக்கும், கனகாம்பரம் அப்படியே இருக்கும். நாரை அறுத்துக் கனகாம்பரத்தை மட்டும் எடுத்து, புதிய நந்தியாவட்டையோடு சுவாமி படத்துக்கு ஒரு சிறு சரமாகக் கட்டிவிடலாம். பழுத்த மல்லிகையும் நாரும் எருக்குழிக்குப் போகட்டும். அப்படியே கனகாம்பரப் பாத்திக்குச் சென்று, பூத்து முடிந்து காய்ந்துபோன கதிர்களை அடியோடு கிள்ளிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். பக்கக் கிளைகளில் புதுக்கதிர் வரும்.